கடற்கரைக்கு ஒரு மியூச்சுவல்

காற்றாலையின் உச்சியில், தலைக்கு மேலிருக்கிற மூடியைத் திறந்து இடுப்புவரை வெளியே வந்து நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போன வருஷம் ஆடி மாதம். காலையில் காற்று தணிந்திருக்கிற நேரம் பார்த்து, இறக்கையைப் பூட்டிவிட்டு, ஒரு கருவியை மாற்ற நானும் என் கூட்டாளியும் ஏறியிருந்தோம். கூட்டாளி சிவகிரிக்காரன். மூன்று வருஷமாக நாங்கள் இரண்டு பேரும்தான் ஜோடி. ஒருத்தன் பாதுகாப்புக் கொக்கியை இன்னொருத்தன் இழுத்துப் பார்க்காமல் ஏணியில் கால் வைத்ததில்லை. வேலை முடிவதற்குள் காற்று எழுந்துவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வந்த காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை ஊதியது. கீழே சங்கரன்கோவில் ரோட்டில் ஆடித்தபசுக்குப் போகிற வேன்கள் வரிசையாக நின்றன. அத்தனை ஹாரனில் ஒன்றுகூட மேலே வரவில்லை. காற்று மட்டும்தான் கேட்டது.

இதே காற்று கடல்மேல் அடித்தால் நான் இந்நேரம் பலகையில் நின்றுகொண்டிருப்பேன் என்று நினைத்தேன். அதை நினைத்து முடிக்கும் முன்பே அடுத்தது வந்தது: எங்கள் கம்பெனிக்கு தூத்துக்குடிப் பக்கம் கடலோரமாக ஒரு சைட் இருக்கிறதே. அதே வேலை, அதே சம்பளம். ஷிப்ட் முடிந்தால் பைக்கில் கால் மணி நேரத்தில் தண்ணீர்.

“ஏலே, இறங்குதியா, இல்ல அங்கனயே குடியிருக்கப் போறியா?” என்று மூடிக்குக் கீழேயிருந்து கத்தினான் சிவகிரிக்காரன்.

“எனக்கு மாறுதல் கேக்கப் போறேம்ல.”

“எங்க, இதுக்கும் மேலயா?”

அதற்கு முந்தின வருஷம் ராமநாதபுரம் கடற்கரை ஒன்றில் மூன்று நாள் கைட் சர்ஃபிங் படித்திருந்தேன். வீட்டில் கம்பெனி டிரெயினிங் என்று சொல்லியிருந்தேன். பெரிய பட்டம் ஒன்று வானத்தில் நிற்கும். அதன் கயிறுகள் நம் இடுப்புப் பட்டையில் மாட்டிய கைப்பிடிக்கு வரும். காலில் ஒரு பலகை. காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் நம்மை இழுக்கும், அவ்வளவுதான். முதல் இரண்டு நாளும் உப்புத்தண்ணீர் குடித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஏழெட்டு விநாடி எழுந்து நின்று ஓடினேன். அந்த ஏழெட்டு விநாடியில் ஆளே மாறிவிட்டேன் என்று எழுதினால் சினிமா வசனம் மாதிரி இருக்கும். ஆனால் திரும்பி வந்த பஸ்ஸில், நான் பிறந்து வளர்ந்த சங்கரன்கோவில் எனக்குக் கடலிலிருந்து இத்தனை மணி நேரம் என்கிற கணக்காக மட்டும்தான் தெரிந்தது. பஸ் மாறி பஸ் மாறி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய் வர முடியாத தூரம்.

அப்புறம் யாரோ விற்ற பழைய பட்டம் ஒன்றை வாங்கிப் பரணில் ஏற்றினேன். பை நீளமாக இருக்கும். பின்தெருத் தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அம்மா கேட்டாள்: “என்னல இது, ஆளு நீளத்துக்கு? பொணம் கிணம் கொண்டாந்து வச்சிருக்கியா?”

எங்கள் கம்பெனியில் மாறுதல் கேட்டால் கிடைக்காது. கிடைக்கிற ஒரே வழி மியூச்சுவல். அங்கிருந்து ஒருவர் இங்கு வரச் சம்மதித்தால், இங்கிருந்து ஒருவர் அங்கு போகலாம். தலைக்குத் தலை. அதனால் எங்கள் வாட்ஸப் குழுவில் கல்யாணத்துக்கு வரன் தேடுவதைப்போல ஆள் தேடுவார்கள். நானும் தேடினேன். ஒரே வாரத்தில் கிடைத்தார். கடலோர சைட்டில் பல வருஷமாக இருக்கிறவர், நாற்பதை ஒட்டிய வயது, சொந்த ஊர் புளியங்குடி. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில். இவர் அங்கே ஒரு அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, மாதம் ஒருமுறை பஸ் ஏறுகிறவர். நேரில் பார்க்கும் முன்பே போனில் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

“அங்க கடல் பக்கந்தான, அண்ணாச்சி?”

“பக்கந்தான். ஆனா நான் போய்க் கால் நனைச்சு வருசக்கணக்காச்சு. உமக்கு என்ன, கடல்ல ஜோலி?”

பட்டம் விடுவதைச் சொன்னேன். “நல்லாத்தான் இருக்கும்,” என்றார். “எம்பிள்ளைங்க கேட்டா சிரிக்கும்.”

மூன்றாவது அழைப்பிலோ நான்காவது அழைப்பிலோதான் அதைச் சொன்னார். ஏணியில் முதல் தட்டை, நின்று இளைப்பாறுகிற மேடையை, தாண்டினால் அவருக்குத் தலை சுற்றும். ஆரம்பத்தில் இல்லை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வந்ததாம். அங்கே கூட வேலை பார்க்கிறவர்களுக்கும், சைட்டைப் பார்த்துக்கொள்கிற இன்சார்ஜுக்கும் தெரியும். அவரைத் தரையில் வைத்துக்கொள்வார்கள். சாமான் கட்டி மேலே அனுப்புவது, கன்ட்ரோல் பெட்டியைப் பார்ப்பது, டீ வாங்கி வருவது. ஏறினவர் பட்டியலில் மட்டும் அவர் பெயரும் கையெழுத்தும் இருக்கும். ‘தரை டிக்கெட்’ என்று அவரைக் கிண்டல் செய்வார்களாம். அதையும் அவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“உங்க சைட்ல எப்படி, தம்பி? ஏத்தி உட்ருவாங்களோ?”

“அதெல்லாம் நான் பசங்கட்ட சொல்லிருதேன், அண்ணாச்சி. நீங்க கவலையே படாதீங்க.”

அந்த வாக்கியத்தை நான் எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்பது இன்றைக்கும் எனக்குக் காதில் கேட்கிறது. அவர் கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன்.

விண்ணப்பம் ஆன்லைனில். அவருக்கு அது ஓடவில்லை. நான்தான் அவருடைய எண்ணைப் போட்டு உள்ளே போனேன். அவர் போனுக்கு வந்த ஓடிபியை எழுத்துக்கூட்டுவதைப்போல ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். நடுவில் ஒரு கேள்வி: உயரத்தில் தலைசுற்றலோ மயக்கமோ வந்ததுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அதை மட்டும் அவரிடம் வாசிக்கவில்லை. ‘இல்லை’யைத் தொட்டேன். தொட்ட பிறகு சொன்னேன். “இதுல ஆமான்னு போட்டா ரெண்டு பேரும் இருக்கிற இடத்துலயே கிடக்க வேண்டியதுதான்.”

“சரி தம்பி. உமக்குத் தெரியாததா,” என்றார்.

மருத்துவப் பரிசோதனை ஒன்று இருந்தது. படுக்க வைத்து எடுக்கிற ஈசிஜி, எழுத்துப் பலகையைப் பார்த்து வாசிக்கிற கண் சோதனை. தரையில் யாருக்குத் தலை சுற்றும்? பங்குனியில் உத்தரவு வந்தது.

சங்கரன்கோவிலில் என் கடைசி நாளன்று சிவகிரிக்காரனுக்கு பிரியாணி வாங்கிக்கொடுத்தேன். அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் கூட்டிக்கொண்டு போனேன். இலையில் சோறு விழுந்ததும் அவன் ஆரம்பித்தான். “ஒனக்குப் பதிலா வாரது யாரு, வயசான ஆளாமே? ஒன்ன மாதிரி மேல போயி கனவு காணாத ஆளாவது வரட்டும்.” நான் சிரித்தேன். போனை எடுத்து, யாரோ வெளிநாட்டில் அலைமேல் பறக்கிற வீடியோவைக் காட்டினேன். ஒன்று முடிந்து இன்னொன்று காட்டினேன். இப்போது சொன்னால் இவன் சூப்பர்வைசரிடம் போய்விடுவானோ, உத்தரவு நின்றுவிடுமோ என்று ஒரு பயமும் உள்ளே இருந்தது. கை கழுவும்போது, போய்ச் சேர்ந்து போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

சித்திரையில் கடலோரம் போய்ச் சேர்ந்தேன். அண்ணாச்சி இருந்த அதே அறைதான். அடுப்பங்கரைச் சுவரில் அவருடைய எண்ணெய்ப் பிசுக்கு. போனில் சிவகிரிக்காரனிடம் இரண்டு முறை பேசினேன். இரண்டு முறையும் காற்றைப் பற்றித்தான் பேசினேன்.

வைகாசி கடைசியில் காற்று சீசன் தொடங்கியது. சீசனில் எங்களுக்கு லீவு கிடையாது. ஒரு நாள் நின்றாலும் கம்பெனிக்கு நஷ்டம். எனக்குக் கிடைத்த முதல் அரை நாளில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு போனேன். போனில் காற்றின் வேகம் பார்த்தேன், பிரமாதமாக இருந்தது. கரையில் ஆளே இல்லை. பட்டம் ஒரே இழுப்பில் ஏறியது. பலகையில் எழுந்து நின்றேன். ஏழெட்டு விநாடி இல்லை, இந்தத் தடவை நிமிஷக்கணக்கில் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது கரையில் நிறுத்தியிருந்த என் பைக் தெரியவில்லை.

திரும்ப முயன்றேன், விழுந்தேன். பட்டம் தண்ணீரில் கிடந்து என்னைக் கிழக்கே இழுத்துக்கொண்டே போனது. வலை வைத்துவிட்டுத் திரும்பிய ஃபைபர் படகு ஒன்று வராவிட்டால் இதை எழுத நான் இல்லை. படகில் இரண்டு பேர். மூத்தவர் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் போட்டார். கயிற்றையெல்லாம் சுருட்டி முடித்த பிறகுதான் கேட்டார்.

“எந்த ஊரு?”

“சங்கரன்கோவில்.”

“அதான். காத்து எங்கிருந்து எங்க போவுதுன்னு பாக்க மாட்டீரா? இது கச்சான். கரையிலேர்ந்து கடலுக்கு அடிக்கிற காத்து. இதுல பட்டம் கட்டி இறங்குனா எங்க போய் ஏறுவீரு, சிலோன்லயா?”

எனக்கு வெட்கத்தில் குளிர் இன்னும் ஏறியது. பயிற்சியில் இதைத்தான் முதல் பாடமாகச் சொன்னார்கள். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் இறங்காதே. நோட்டில் எழுதிக்கூட வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே, ராமநாதபுரத்தில், கடல் தெற்கே இருந்தது, அதே மேற்குக் காற்று கரையோரமாகவே போனது. இங்கே கடல் கிழக்கே. அதை நான் யோசிக்கவே இல்லை. ஏன் யோசிக்கவில்லை என்று பிறகு புரிந்தது. என் தொழிலில் திசை ஒரு விஷயமே இல்லை. காற்றாலை தானாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காலையில் வந்ததும் நாங்கள் பார்ப்பது வேகம் மட்டும்தான். மூன்று வருஷம் அந்த ஒரு எண்ணையே பார்த்துப் பழகிய கண்ணோடுதான் கடற்கரையையும் தேர்ந்தெடுத்தேன்.

ஆக, சீசன் முழுக்க அந்தக் கடல் எனக்கு ஆகாது. ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று வந்தால்தான் உண்டு. அதற்காகவா இத்தனையும் என்று அறையில் உட்கார்ந்து ஈரப் பட்டத்தை மடித்தபோது நினைத்தேன். அண்ணாச்சியின் ஞாபகம் அப்போதும் வந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தது.

ஆனி நடுவில் ஒரு நாள், காலை பதினோரு மணிக்கு சிவகிரிக்காரன் கூப்பிட்டான். அவன் என்னை ஏலே என்று சொல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி விழுந்துவிட்டார். மொத்தமாக விழவில்லை. இரண்டாவது தட்டுக்கு மேல் கை நழுவியிருக்கிறது. கொக்கி பிடித்துவிட்டது. ஆனால் வலது கால் ஏணிப் படிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, உடம்பின் எடை முழுக்க அதில் இறங்கித் திருகியிருக்கிறது. அந்தரத்தில் தொங்கிய ஆளைக் கீழே கொண்டுவர ரொம்ப நேரம் ஆகிவிட்டது. மேலே இருந்தவன் சிவகிரிக்காரன். அவன்தான் அவர் தொங்கிய இடத்துக்கு இறங்கி வந்து, அவரைக் கயிற்றில் கட்டி, கீழே இறக்கியது.

“அதுக்கு முன்னால ரெண்டு தடவ ஏறியிருக்காவ, மக்கா. கண்ண மூடிக்கிட்டுப் படிய எண்ணிக்கிட்டே வந்தாவ. ஏன் அண்ணாச்சின்னு கேட்டேன். வேண்டுதல்னு சொன்னாவ. நான் சிரிச்சேன். தலை சுத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏத்தியிருப்பனா?”

அவன், “லைன்ல இருக்கியா?” என்று இரண்டு முறை கேட்டான்.

அவர் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சங்கரன்கோவில் சைட்டில் பாதிப் பேர் புளியங்குடி, வாசுதேவநல்லூர் ஆட்கள். ஏணிக்குப் பயப்படுகிறார் என்ற பேச்சு சாயங்கால பஸ்ஸில் அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். வெளியூரில் தரை டிக்கெட்டாக இருந்துவிடலாம். மகள்கள் படிக்கிற ஊரில் முடியாது. அதோடு, நான் சொல்லி வைத்திருப்பேன் என்று நம்பியிருந்தார். முதல் நாள் ஏறச் சொன்னபோது, நான் சொல்லியும் இவர்கள் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். இதை அவரே பிறகு சொன்னார்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்திருந்தார்கள். பாதத்தில் உணர்ச்சி இல்லை. திரும்ப வருமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. கட்டிலருகே அவர் மனைவி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று அண்ணாச்சி சொன்னதும், அந்த அம்மா பொட்டலத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“கடல்ல பட்டம் விட்டாச்சா, தம்பி?”

“ஏட்டி, சும்மா கிட,” என்றார் அண்ணாச்சி.

“சும்மாதான கேட்டேன். அவுகளுக்கு இங்கன என்ன ஜோலி, காத்தே வராதே.”

மனைவி தண்ணீர் பிடிக்கப் போன பிறகு அண்ணாச்சி மெல்லச் சொன்னார். கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்களாம். விண்ணப்பத்தின் நகலைக் காட்டி, தலைசுற்றல் இல்லை என்று எழுதியது யார் என்று கேட்டார்களாம். “நாந்தான்னு சொல்லிட்டேன். என் நம்பர், என் ஓடிபி. ரெண்டு பேரும் எதுக்குக் கெடணும்? நீரு சின்னப் பையன்.”

நான் நன்றி சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அவர் கேட்காமலே தலையணையைச் சரி செய்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே காரியம் அது.

உண்மையை மறைத்து வேலைக்கு வந்தார், அதனால் விபத்துக்கு அவரே பொறுப்பு, அவரை வேலையை விட்டு எடுக்கலாம் என்று ஆரம்பக் குறிப்பு போட்டுவிட்டார்கள். இறுதி விசாரணை வருகிற திங்கட்கிழமை. அவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கொடுத்து வைத்துக்கொள்வார்களா, வெளியே அனுப்புவார்களா என்பது அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது: அவர் மறைத்தாரா? அவர் மறைக்கவில்லை. இங்கே இன்சார்ஜுக்கு வருஷக்கணக்காகத் தெரியும். அதை அண்ணாச்சி என்னிடம் சொன்னது விண்ணப்பம் போடுவதற்கு முன்பு. தெரிந்தே ‘இல்லை’யைத் தொட்டது என் விரல்.

நேற்று இன்சார்ஜ் என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மிரட்டவெல்லாம் இல்லை. அவர் குரலில் இருந்தது பயம்தான்.

“ஏறாத ஏத்தத்துக்கெல்லாம் கையெழுத்து இருக்கு, தம்பி. இரக்கப்பட்டுத்தான் செஞ்சோம். நீ வாயத் தொறந்தா என்னையும் சேத்து அஞ்சு குடும்பம். அவருதான் தானே எழுதுனேன்னு ஒத்துக்கிட்டாரே. அத ஏன் கெளறுத?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர்கள் இரக்கப்பட்டார்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை. எனக்குத் தேவையாக இருந்தது ஒரு தலை, அதை எடுத்துக்கொண்டேன்.

கடிதத்தை நான்கு தடவை எழுதினேன். முதல் மூன்றிலும் கடலைப் பற்றி ஒரு பத்தி இருந்தது, நான் ஏன் மாறுதல் கேட்டேன் என்று விளக்கமாக. நான்காவதில் அது இல்லை. அவர் என்னிடம் சொன்னது, நான் வாசிக்காமல் தொட்டது, சங்கரன்கோவில் பசங்களிடம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துச் சொல்லாமல் விட்டது, இங்கே அவர் தரையில்தான் வேலை பார்த்தார் என்பது. ஐந்து குடும்பம் என்று இன்சார்ஜ் சொன்னது காதில் இருந்ததால் கடைசி வரியில் பேனா நின்றது. பெயர் எதுவும் போடாமல், எல்லோருக்கும் தெரியும் என்று மட்டும் எழுதினேன். இது போதுமா, இது கோழைத்தனமா என்று எனக்குத் தெரியவில்லை.

சிவகிரிக்காரனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்து வைத்துவிட்டான். அதன்பிறகு எடுக்கவில்லை.

கடிதம் மட்டும் பலிக்காது. அண்ணாச்சி ‘நான்தான்’ என்பதையே திரும்பச் சொன்னால், சின்னப் பையன் இரக்கத்தில் எழுதிக்கொடுத்தான் என்று அதை மடித்து வைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் பஸ் ஏறி திருநெல்வேலி, சங்கரன்கோவில் வழியாகப் புளியங்குடி. கடிதத்தை அவருக்கு முன்பு அவர் மனைவியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லப் போகிறேன். அந்த அம்மா என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு, அந்த வாசலிலேயே இருக்கப் போகிறேன். சாயங்காலத்துக்குள் அண்ணாச்சியை ஒரு வரி சொல்லவைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்: “அத எழுதினது நான் இல்ல.”